அக்காவை ஒரே வரியில் கொன்ற எழுத்தாளருக்கு

என் மனைவியின் ஒரே தங்கையும், எங்கள் கல்யாணத்தன்று இரட்டைச் சடையோடு வந்து என் கைக்கடிகாரத்தை வாங்கிப் பிரித்துப் போட்டவளும், இன்று சரித்திர நாவலாசிரியையாக உயர்ந்து நிற்பவளுமான சின்னவளுக்கு, உன் அத்தான் அநேக ஆசீர்வாதங்களுடனும் அதைவிட அநேகக் கோபத்துடனும் எழுதிக்கொள்வது.

இங்கு நலம். அங்கே நீயும் என் சகலையும் நலமா என்று கேட்பதுதான் முறை, கேட்டுவிட்டேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். கவிழ்ந்து படுத்ததிலிருந்து உன் அக்காவுக்குக் காது பயங்கரக் கூர்மையாகிவிட்டது. சமையலறையில் நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் படுக்கையறையிலிருந்து, "சர்க்கரை இருக்கிற மனுஷனுக்கு இப்ப என்ன பிஸ்கட்?" என்று குரல் வருகிறது. அதனால் துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட விட்டு, அதன் சத்தத்தில், அதன் தலைமேலேயே தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து ஆடியிருந்தால் பாதி இயந்திரத்தின் ஆட்டம், பாதி என் ஆத்திரம்.

விஷயம் உன் நாவல். உன் அக்காவுக்கு விழித்திரை கிழிந்து அறுவைச் சிகிச்சை நடந்ததும், கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழ் விட்டிருப்பதும், அந்தக் குமிழ் விழித்திரையை அழுத்திப் பிடிப்பதற்காக அவள் முகம் தரையைப் பார்த்தபடியே கிடக்க வேண்டும் என்பதும் உனக்குத் தெரியும். டாக்டர் போட்ட கட்டளைகளும் தெரியும்: படிக்கக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது, இருமக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக அழக் கூடாது. இந்த நேரம் பார்த்து உன் புத்தகம் தபாலில் வந்து சேர்ந்தது. அட்டையில் ஒரு பெண் மாளிகைப் படிக்கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். முதல் பக்கத்தில், 'என்னைப் படியேற்றிவிட்ட அக்காவுக்கு' என்று அச்சடித்திருந்தாய். வாசித்துக் காட்டினேன். உன் அக்கா தலையணையில் முகத்தைப் புதைத்தபடியே, "எனக்குத்தாங்க போட்டிருக்கா. முழுசா வாசிங்களேன், கேக்கறேன்" என்றாள். நானும் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொண்டையைக் கனைத்தேன்.

நான் யார் என்பதை இங்கே உனக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கையில் கொடுத்த தாளில் என்ன இருக்கிறதோ அதை ஒரு எழுத்துப் பிசகாமல் வாசிப்பவன். ஒரு முறை, வண்டி இரண்டாம் நடைமேடைக்கு வரும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அது நாலாவதில் வந்து நிற்பதை என் கண்ணாடிக் கூண்டிலிருந்தே பார்க்கிறேன். ஆனாலும் இரண்டு என்றுதான் வாசித்தேன். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு பாலத்தில் ஏறி ஓடினார்கள், என்னைப் பார்த்துக் கையை ஓங்கினார்கள், நான் அசையவில்லை. எழுதிக் கொடுத்ததை மாற்ற நான் யார்? அப்பேர்ப்பட்டவனை, சின்னவளே, நீ பொய்யனாக்கிவிட்டாய். அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் அத்தியாயத்தில் உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாயக்காரரின் இரண்டு பெண்கள், தாய் தகப்பன் போன பிறகு அக்கா சாயத்தொட்டியில் இறங்கி நின்று தங்கையை வளர்க்கிறாள், முழங்கை வரைக்கும் அவள் கை நீலம், என்ன தேய்த்தாலும் போகாத நீலம் என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்டதும் உன் அக்கா, "என் கார்பன் கைங்க" என்றாள். டைப்பிங் கடையில் பகலெல்லாம் கார்பன் தாள் மாற்றி மாற்றி, அவள் விரல் பத்தும் நீலமாகித்தானே உன் பள்ளிக்கூடம், கல்லூரி, விடுதி எல்லாம் நடந்தது. பெண் பார்க்க வந்த அன்று அந்த விரல்களைப் பார்த்துவிட்டு நான் மருதாணி வைத்துக் கெட்டுப்போனதோ என்று நினைத்தேன். அதனால் அன்றைக்கு ரொம்பப் பெருமையாக, கணீரென்ற குரலில் வாசித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீயும்தான்.

இரண்டாம் அத்தியாயத்திலிருந்து என்ன கூத்து அது? உன் நாயகி அரண்மனைக்குள் காலெடுத்து வைத்தாள், அவ்வளவுதான், ஒரு வேலை செய்தாளா? ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டாளா? சாளரத்தருகே போய் நின்று பெருமூச்சு விடுகிறாள். நிலா வந்தால் ஒரு பெருமூச்சு, மேகம் வந்தால் ஒரு பெருமூச்சு. அவளுக்கு ஒரு படி ஏற வேண்டியிருந்தால் உடனே மேல்படியில் இருக்கிற ஆள் செத்துப்போகிறான். பண்டகசாலை அதிகாரி குளியலறையில் வழுக்கி விழுந்தார், இவள் பண்டகசாலைக்குத் தலைவி. கிழட்டு மந்திரிக்குக் காய்ச்சல் கண்டது, இவள் மந்திரியின் விதவை. பட்டத்தரசிக்குப் பாம்பு. எதிரில் வருகிறவனெல்லாம், "பெண்ணே, நீ சாதாரணப் பெண் அல்ல!" என்று சொல்லிவிட்டுச் சாகிறான். இதற்குப் பேர் முன்னேற்றமா? லிஃப்டில் நிற்கிறவளுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்? தான் பெரிய இடத்துப் பெண் என்று புளுகுகிறாள், அத்தனை பேரும் நம்புகிறார்கள், ஒருத்தனுக்காவது ஊரில் விசாரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. எங்கள் வீட்டுக்கு எதிர் போர்ஷனில் குடிவந்தவர்களைப் பற்றி மறுநாளே எல்லாம் தெரிந்துவிட்டது, ஒரு ராஜ்யத்துக்குத் தெரியாதா?

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்துவிட்டேன். என்ன இருந்தாலும் நம்ம சின்னவள் என்று பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்த வரி வந்தது பார். 'அந்த மழைக்காலத்தில் அக்காள் காலமானாள்; அரண்மனையில் விளக்குகள் ஏற்றப்பட்டன.' அவ்வளவுதான்! அரைப்புள்ளிக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் விளக்கு! என்ன நோய்? யார் பக்கத்தில் இருந்தார்கள்? தங்கைக்குச் சேதி போனதா, அவள் அழுதாளா, இல்லை அதற்கும் சாளரத்தருகே போய் நின்றாளா? ஒன்றும் கிடையாது. மந்திரியின் குதிரை செத்ததற்கு ஒன்றரைப் பக்கம் எழுதத் தெரிந்த உனக்கு, வளர்த்த அக்கா செத்ததற்கு ஒரு முழு வரிக்குக்கூட மனசு வரவில்லையா?

இது கண்ணில் பட்டபோது நான் வாயைத் திறந்தாகிவிட்டது. 'அந்த மழைக்காலத்தில் அக்காள்' வரைக்கும் வாசித்தும் ஆகிவிட்டது. கீழே பார்த்தால் உன் அக்காவின் பிடரி தெரிகிறது, கொத்துக் கொத்தாக நரை தெரிகிறது, முதுகு மூச்சில் ஏறி இறங்குகிறது. இதைக் கேட்டால் இவள் என்ன நினைப்பாள்? 'நம்ம தங்கச்சி நம்மை இப்படித்தான் நினைச்சிருக்கா' என்று நினைக்க மாட்டாளா? அழக் கூடாது என்று டாக்டர் தலையில் அடித்துச் சொல்லியிருக்கிறார், அழுது குமிழ் நகர்ந்து கண் போனால் நீ கொடுப்பாயா? அதனால், என் வாழ்நாளில் முதல் தடவையாக, தாளில் இல்லாத ஒன்றை வாசித்தேன். 'அந்த மழைக்காலத்தில் அக்காள் ஒரு துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தங்கையைப் பார்க்க அரண்மனைக்குப் புறப்பட்டாள்.'

சொல்லிவிட்டேன், வேர்த்துவிட்டது. ஒரு வரிதானே, அப்புறம் உன் பாதைக்கே திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நடக்கவில்லை. மறுநாள் புத்தகத்தைத் திறந்ததும் உன் அக்கா கேட்டாள்: "அக்கா போய்ச் சேந்தாளா?"

போய்ச் சேராமல் நடுவழியில் நிற்க வைக்க முடியுமா? கொண்டுபோய்ச் சேர்த்தேன். வாசல்காவலன், "யாரைப் பாக்கணும்?" என்றான். "என் தங்கச்சியைப் பாக்கணும்." "பேரு?" "வீட்டுல கூப்பிடற பேரு சொன்னா உள்ள விடுவீங்களா?" என்று அவள் கேட்டாள். அவன் விடவில்லை. அந்த வழியாகப் பல்லக்கில் வந்த பட்டத்தரசியின் சிவப்புச் சேலையைப் பார்த்துவிட்டு அக்கா, "இது சாயம் போகும்மா, மழைல நனைஞ்சிராதீங்க" என்று சொல்ல, அரசி முறைத்துவிட்டுப் போக, மாலையே மழை பிடித்துக்கொள்ள, அரசியின் கால் இரண்டும் செக்கச்செவேல் என்றாக, மறுநாள் அக்காவை ஆள் விட்டு அழைத்தார்கள். இதற்கப்புறம் உன் பாம்புக்கு அங்கே என்ன வேலை? அரசி பிழைத்துக்கொண்டாள். அக்கா அரண்மனைக்குப் பின்புறம் தொட்டி கட்டினாள். காய்ந்துகொண்டிருந்த துணி நடுவே மிதியடியோடு வந்த சேனாதிபதியை, "கழட்டிட்டு வாய்யா!" என்று விரட்டினாள். உன் நாயகி ஏறிய படியெல்லாம் ஆள் சாகவேண்டியிருந்தது. என் அக்கா ஏறினாள், ஒரு கொசுகூடச் சாகவில்லை.

நான் எழுத்தாளன் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். சில நாள் அடுத்து என்ன என்று ஒன்றும் ஓடாது. அப்போது பழக்கதோஷத்தில் வாய் தானாக, 'சேனாதிபதியின் படை தாமதமாக வந்துகொண்டிருக்கிறது, ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று சொல்லிவிடும். தண்ணீர் குடிப்பது போல நேரம் கடத்திக்கொண்டு யோசிப்பேன். சில இடங்களில் உன் அக்கா தலையணையில் முகம் புதைத்துக் குலுங்குவாள். அழுகிறாளோ என்று எனக்கு உயிரே போய்விடும். "என்னம்மா, அழறியா?" என்றால், "இல்லீங்க, தும்மல் வருது, மேல வாசிங்க" என்பாள். உடனே கதையைச் சந்தோஷமான பக்கம் திருப்பிவிடுவேன்.

இவ்வளவில் போயிருந்தால் என் பாடு தேவலை. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வரும் நர்ஸம்மாவும் கதை கேட்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த வீட்டு நோயாளியைக் காக்க வைத்துவிட்டு வந்து கால்மாட்டில் உட்கார்ந்துகொள்வார். அவருக்குப் பொறுமை போதவில்லை; அக்காவுக்கு மேற்கொண்டு என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ள அவரே கடைக்குப் போய் உன் புத்தகத்தை வாங்கிவிட்டார். மறுநாள் காலையில் கொதித்துப்போய் வந்தார். "சார், என் புக்குல அக்கா செத்துப்போயிட்டாங்க சார்! என்ன அநியாயம் இது?" உன் அக்கா உள்ளே படுத்திருக்கிறாள், அவளுக்கோ பாம்புக் காது. நான் வாசலிலேயே அவரை மடக்கி, "அது பைண்டிங் கோளாறும்மா, வேற ஏதோ புக்கோட பக்கம் கலந்திருக்கும், கடைல கொடுத்து மாத்திக்கங்க" என்று கிசுகிசுத்தேன். அந்த அம்மா மாற்றினார். மாற்றிக் கொடுத்ததிலும் அக்கா செத்துப்போயிருந்தாள். கடைக்காரரோடு சண்டை போட்டு, கடையில் இருந்த எல்லாப் பிரதியையும் பிரிக்கச் சொல்லி, எல்லாவற்றிலும் அக்கா செத்திருப்பதைப் பார்த்து, மொத்த அச்சுமே கோளாறு என்று முடிவு கட்டி, கடைக்காரரையே பதிப்பகத்துக்குப் போன் போட வைத்திருக்கிறார். பதிப்பகத்திலிருந்து உன்னிடமும் கேட்டிருப்பார்கள். அந்தப் புகாருக்கு மூலகாரணம் நான்தான்.

அடுத்து நீ போன் செய்தாய். நான் பக்கத்தில் நிற்கும்போதே உன் அக்கா, "கடைசி இடம் பிரமாதம்டீ. ராஜசபைல தங்கச்சி எல்லார் முன்னாலயும் எழுந்து வந்து, அந்த நீலக் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இவ என் அக்கா'ன்னு சொல்றா பாரு, எப்படிடீ எழுதினே?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் நீ என்ன சொன்னாயோ தெரியாது, நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்கு ஓடிவிட்டேன். உன் புத்தகத்தின் கடைசி இடம் எதுவென்று உனக்கே தெரியும். அரசியாகிவிட்ட நாயகி சாளரத்தருகே நிற்கிறாள்.

இப்போது தலைக்கு மேல் வெள்ளம். அடுத்த வாரம் உன் அக்கா நிமிர்ந்து உட்காரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கவும் செய்யலாமாம். அவளோ, "முதல்ல சின்னவ புக்கை நானே ஒரு தடவை படிக்கணும், எங்கேயும் எடுத்து வெச்சிராதீங்க" என்கிறாள். அதே வாரம் நீயும் அவளைப் பார்க்க வருகிறாய். அவள் அந்த வரியைப் படிப்பாள். என் திருட்டுத்தனம் வெளிப்படுவது பற்றி எனக்குக் கவலையில்லை, நடைமேடை மாற்றிச் சொன்னதற்கே அடி வாங்காமல் தப்பியவன் நான். ஆனால் இந்த வயதில், கண் திறந்து அவள் முதலில் படிப்பது அந்த வரியாக இருக்கக் கூடாது. அது மட்டும் கூடவே கூடாது.

ஆகவே நீ செய்ய வேண்டியது: நான் சொன்ன கதையை இத்துடன் சுருக்கி எழுதி வைத்திருக்கிறேன். அதைச் சேர்த்து, உன் பாம்பையும் பெருமூச்சுகளையும் எடுத்துவிட்டு, ஒரே ஒரு பிரதியாவது அதே அட்டை போட்டு அச்சடித்துக் கொண்டு வா. இப்போதெல்லாம் ஒரு பிரதிகூட அச்சடிக்கிறார்களாம், விசாரித்துவிட்டேன். நீ வந்ததும் நான் உன் பையை வாங்கி வைப்பது போலப் புத்தகத்தை மாற்றிவிடுகிறேன். முடியாது என்றால் நீ வரவே வேண்டாம், சகலையை மட்டும் அனுப்பு.

கடைசியாக ஒன்று. கோபத்தில் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்கிறேன். ஏன் கொன்றாய்? அவள் உயிரோடு இருந்திருந்தால் உன் நாயகிக்கு என்ன இடைஞ்சல்? மேலே போகிறவர்களுக்கு, கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் அவ்வளவு வெட்கமா? இதற்கு மட்டும் நேரில் வந்து பதில் சொல்.

மற்றபடி நீயும் சகலையும் பதினாறும் பெற்று, நோய் நொடியில்லாமல், புகழோடு பல்லாண்டு வாழ்க. நிறைய எழுது, வேறு எதைப் பற்றியாவது. உன் அக்காவின் ஆசியையும் நானே சேர்த்துவிடுகிறேன்; இப்படி ஒரு கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
மிகுந்த வருத்தத்துடன்,
உன் அத்தான்

பின்குறிப்பு: சின்னவளே, இது அக்கா. நான் சொல்லச் சொல்ல நர்ஸம்மா எழுதறாங்க. உங்க அத்தான் தபால்ல போடச் சொல்லி இதை இவங்ககிட்டதான் கொடுத்தாரு, இவங்க நேரா எங்கிட்ட வந்து வாசிச்சுக் காட்டிட்டாங்க. பைண்டிங் கோளாறுங்கிற இடம் வந்ததும் இவங்களுக்கு வந்த கோவத்தைப் பாக்கணுமே! கடைக்காரர்கிட்ட என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போவேன்னு இன்னும் புலம்பறாங்க.

நீ நாவலை அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே நான் முழுசும் படிச்சதும், "அந்த அக்காவை சீக்கிரம் கொன்னுடுடீ, அவ உயிரோட இருந்தா உன் ஆளு ஒரு படிகூட ஏற மாட்டா, ஒவ்வொரு படிலயும் நின்னு 'சாப்பிட்டியா, தூங்கினியா'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா"ன்னு நானே உனக்குச் சொன்னதும் அவருக்குத் தெரியாது. நீ எவ்வளவு அழுதே, மாட்டேன்னு எவ்வளவு அடம் பிடிச்சே, அதெல்லாம் அவர்கிட்ட சொல்லிடாதே. பாவம், இவ்வளவு கோவப்பட்டது வீணாயிடும்.

நான் அழவும் இல்லை, தும்மவும் இல்லை. எந்த சரித்திர நாவல்லடீ சேனாதிபதி வர லேட்டானா 'சிரமத்துக்கு வருந்துகிறோம்'னு வரும்? சிரிச்சு சிரிச்சு குமிழ் நகந்துருமோன்னு எனக்கே பயமாப் போச்சு. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஊருக்கெல்லாம் இவர் குரல் கேக்கும், வீட்டுக்கு வந்தா வாயே திறக்க மாட்டாரு. யாரும் எழுதிக் கொடுக்காததை எனக்காக இவர் பேசி இப்பத்தான் கேக்கறேன். அந்த ராஜசபைல கையைப் பிடிச்சுக்கிட்ட இடத்துல மட்டும் கொஞ்சம் அழுதேன். டாக்டர்கிட்ட சொல்லாதே.

அவர் கேட்ட மாதிரி ஒரு பிரதி அடிச்சுக் கொண்டு வா, புத்தகத்தை மாத்தும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். இன்னொரு கண்ணுல புரை இருக்காம், அதையும் எடுக்கணுமாம். அதுக்குக் கவுந்து படுக்க வேண்டாம், மறுநாளே படிக்கலாமாம். அதை மட்டும் அத்தான் காதுல போட்டுடாதே. ரெண்டாம் பாகத்தை சீக்கிரம் எழுது, அதையும் அவரே வாசிச்சுக் காட்டட்டும். ரொம்ப நல்லா எழுதிடாதே.